சொத்தைக்கு முன்னால் ஒட்டுதல்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல் சொத்தை பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால், கிருமி சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகிறது என்பதோடு முடித்துவிட்டீர்கள். எச்சில் ஓயாமல் ஊறி வயிற்றுக்குள் இறங்கும் வாயில், அந்தக் கிருமி பல்லில் எப்படி நிலைத்து நிற்கிறது?

1924இல் கிளார்க் என்ற ஆய்வாளர் கண்டறிந்த சொத்தைக் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸையே பார்ப்போம். இதன் மரபணு வரிசை 2002இல் வெளியானது. ஸ்பாபி என்ற மரபணு தரும் நீண்ட புரதம் செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்து, பல்லின் மேல் படிந்த எச்சில் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அதைச் செல்சுவரில் பொருத்துவது சார்ட்டேஸ் ஏ என்ற நொதி. அந்த நொதிக்கான மரபணுவை முடக்கினால், ஒட்டும் புரதம் உருவாகும். ஆனால் சுவரில் தங்காமல் கழன்றுபோகும். இந்த நொதியைக் குறிவைத்து ஆய்வாளர்கள் மருந்து தேடுவது இதனால்தான்.

அப்புறம் சர்க்கரை. ஜிடிஎஃப் மரபணுக்கள் மூன்று. அவற்றின் நொதிகள் நாம் உண்ணும் சர்க்கரையான சுக்ரோஸிலிருந்து குளுக்கான் என்னும் பசையை உண்டாக்குகின்றன. வெறும் குளுக்கோஸ் இதற்கு உதவாது. (வெல்லம் சாப்பிட்டால் பல்லுக்கு ஒன்றும் ஆகாது என்பவர்களுக்கு: அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான்.)

சில மியூட்டன்ஸ் வகைகளில் மட்டும் கொலாஜன் என்ற உடல் திசுப் புரதத்தைப் பற்றும் சிஎன்எம் என்ற புரதமும் உண்டு. மூளை ரத்தக்கசிவோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக ஜப்பானிய ஆய்வுகள் சொல்கின்றன. தொடர்பு என்பதாலேயே அது காரணமாகிவிடாது, சரி. இருந்தாலும் தனிக் கட்டுரைக்குரிய விஷயம், எழுதச் சொல்லுங்கள். படத்தில் மட்டும் பல்லைக் குடையும் புழுவை வரைய வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்