லிவர்பூல் பிள்ளையும் அப்பாயியின் தகரப் பெட்டியும்

ஒண்டாரியோ, கனடா

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

தங்கச்சியின் கடிதம் கிடைத்தது. நான் எழுதுவதில்லையென்று அம்மா கவலைப்படுவதாக எழுதியிருந்தாள். வேலை முடிந்து வரும்போது இருட்டிவிடுகிறது, வேறொன்றுமில்லை. குளிர் பழகிவிட்டது, சாப்பாட்டுக்கும் குறைவில்லை. இம்மாதப் பணத்தை அடுத்த மாதத்துடன் சேர்த்து அனுப்புகிறேன்.

இப்போது நாங்கள் புதுப்பிப்பது நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு பண்ணை வீடு. சுவரைப் பெயர்த்தால், மெல்லிய மரச்சட்டங்களின் மேல் மாட்டு மயிர் கலந்த சுண்ணாம்புச் சாந்து பூசியிருக்கிறது. ஆணிகளும் இக்காலத்துக் கம்பி ஆணிகளைப் போல உருண்டையாக இல்லாமல் சதுரமாக இருக்கின்றன. சமையலறைக்கு மேலே பரணை மறைத்திருந்த பலகைகளைக் கழற்றியபோது, ஒரு சிறு பிள்ளை மட்டுமே படுக்கக்கூடிய இடமும், உத்தரத்தில் கத்தியால் செதுக்கிய இரண்டு எழுத்துகளும், அவற்றின் கீழே ‘லிவர்பூல்’ என்ற ஊர்ப்பெயரும் தெரிந்தன.

பக்கத்துப் பண்ணையிலிருந்து பீட்ரூட் ஊறுகாய்ப் போத்தலோடு வந்து, நாங்கள் கழற்றும் பலகை ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கும் பாட்டி ஒருவர் இருக்கிறார். அந்த எழுத்துகளின் மேல் வைத்த கையை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை. 1869 முதல் 1948 வரை பிரித்தானியாவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏழைப் பிள்ளைகளைக் கப்பலேற்றி இந்நாட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பண்ணை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் விடப்பட்டார்கள். அநாதைகள் என்று சொல்லப்பட்டாலும் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருந்தார்கள். பாட்டியின் தகப்பனாரும் அப்படி வந்தவர்தான். சாகும்வரை அதைப் பிள்ளைகளிடம் அவர் சொல்லவேயில்லை. பழைய கப்பல் பட்டியலில் பெயரைப் பார்த்துத்தான் பாட்டி அறிந்துகொண்டாராம்.

அப்பாவின் பாட்டனார், தமிழ்நாட்டில் தொழிலாளர்களை நிறுத்திப் பரிசோதித்த மண்டபம் முகாமைக் கடந்து, கழுத்தில் அடையாளத் தகரத் துண்டோடு இலங்கைத் தோட்டத்துக்கு வந்தவர் என்பதற்கு மேல் நமக்கு என்ன தெரியும்? அதே 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் கேட்ட அத்தாட்சிகளைக் காட்ட முடியாமல்தானே நம் சனங்கள் நாடற்றவர்களானார்கள். பரணில் நின்றபோது நம் தோட்டத்துக் காம்பிரா அறையின் புகை வாசனையும், முன் திண்ணையான இஸ்தோப்பில் அப்பாயி தரும் ரொட்டியும் கட்டச்சம்பலும் நினைவுக்கு வந்து, கீழே இறங்கவே மனம் வரவில்லை அம்மா.

ஆகையால் புது வீட்டுக்குப் போகும்போது அப்பாயியின் தகரப் பெட்டியைப் பழசென்று எறிய வேண்டாம். அப்பாயியின் மாமனார் எந்த ஊரிலிருந்து, ஆள் சேர்த்துக் கூட்டிவந்த எந்தக் கங்காணியோடு வந்தார் என்பதைத் தங்கச்சி கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். அப்பாயிக்குக் காலையில்தான் நினைவு தெளிவாக இருக்கும். புது வீட்டின் 7 பேர்ச் காணி உறுதிப் பத்திரத்தில் அம்மாவின் பெயரும் இருக்கிறதா என்று அப்பா பார்த்து எழுதுங்கள். சித்தப்பாவின் சேமலாப நிதிப் பணம் வந்துவிட்டாலும், தங்கச்சியின் கலியாணத்துக்காக அவரிடம் கைமாற்று வாங்க வேண்டாம். தை மாதத்துக்குள் நான் அனுப்பிவிடுகிறேன்.

அன்பு மகன்