வரிசையின் கடைசியில் யார்?

போடி
ஞாயிறு மதியம்

அன்புள்ள வாசுகிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நலம். முழங்கால் வலி பழையபடிதான், அதில் எழுத ஒன்றுமில்லை. பெரியகுளம் அத்தை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். ஊறுகாய் பாட்டில் வழக்கம்போலத் திரும்பி வரவில்லை.

போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். தீபாவளிக்கு என்றைக்கு வருகிறீர்கள் என்று போன வாரம் மாப்பிள்ளையிடம் கேட்டேன். "அவ நேபாளத்துல இருந்து வரட்டும் அத்தை, அப்புறம் டிக்கெட் போடலாம்" என்றார். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரியாது என்பது அவருக்கு உறைத்தது. அவரைத் திட்டாதே. பயணத் திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அதை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, சிவப்பு மையில் குறித்து, இத்துடன் வைத்திருக்கிறேன். முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கை, சும்மா இருக்குமா?

எனக்குச் சொல்லவில்லையே என்று கோபமில்லை. கோபம்தான், ஆனால் அது இந்தக் கடிதத்தின் விஷயமில்லை.

உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 22 பேர், மூன்று ஆசிரியர்கள், அக்டோபரில் அன்னபூர்ணா பேஸ் கேம்ப். சரி. உனக்கு மலை தெரியும். உத்தரகாசியில் ஒரு மாதம் பயிற்சி எடுத்தபோதும் நீ என்னிடம் சொல்லவில்லை. கயிற்றில் தொங்குகிற படத்தை உன் சித்தி காட்டித்தான் தெரிந்தது. அன்றைக்கு வீட்டில் எவ்வளவு சத்தம் போட்டேன் என்று உனக்குத் தெரியும். மறுநாளே பேங்க் கிளார்க்கிலிருந்து பால்காரர் வரை எல்லோரிடமும் "எவரெஸ்ட் ஏறிய பச்சேந்திரி பால் பயிற்சி எடுத்த இடத்தில் என் மகள் பயிற்சி எடுத்திருக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

சிவப்பு மைக்கு வருகிறேன். ஏழாம் நாளைப் பார். தேவ்ராலியில் காலையில் கிளம்பி, அன்றைக்கே பேஸ் கேம்ப் போய்த் தங்குவது என்று போட்டிருக்கிறார்கள். தேவ்ராலி ஏறக்குறைய 3200 மீட்டர், பேஸ் கேம்ப் 4130. ஒரே நாளில் 900 மீட்டர். மூவாயிரத்துக்கு மேல் போய்விட்டால், இன்று படுக்கிற உயரத்துக்கும் நாளை படுக்கிற உயரத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது என்று உன் பயிற்சிப் புத்தகத்திலேயே இருந்ததே. நடுவில் மச்சாபுச்ரே பேஸ் கேம்ப் இருக்கிறது, 3700 மீட்டர். அங்கே ஓர் இரவு படுத்து எழுந்து போகட்டும். ஏஜென்சிக்காரன் ஒரு நாள் வாடகையை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறான். தினமும் நடந்து பழகியவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். இந்தப் பிள்ளைகளோ பெங்களூரில் லிஃப்டில் ஏறி இறங்குகிற பிள்ளைகள். நம்ம ஆனைமுடியே 2695 மீட்டர்தான்.

பூன் ஹில்லோடு திரும்பினால் என்ன? 3210 மீட்டர்தானே? அங்கிருந்தே தவளகிரியும் அன்னபூர்ணாவும் தெரியும். கேட்கமாட்டாய், தெரியும். கேட்டு வைக்கிறேன்.

அக்டோபர் நல்ல மாதம், வானம் தெளிவாக இருக்கும் என்று உன் தாளில் எழுதியிருக்கிறது. 2014 அக்டோபரும் நல்ல மாதம்தான். 12ஆம் தேதி ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறியது. இரண்டே நாளில் அதன் மிச்சம் அன்னபூர்ணாவின் அந்தப்பக்கம் தொரோங் கணவாயில் பனியாகக் கொட்டி, நாற்பது பேருக்கு மேல் போனார்கள். நம்ம வங்காள விரிகுடாவில் கிளம்பியது! பூகோள டீச்சருக்கு இதெல்லாம் மறக்காது. எனவே இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள். திரும்பும் டிக்கெட்டுக்குப் பயந்து யாரும் மேலே ஏற வேண்டாம். தேவ்ராலிக்குக் கீழே ஹின்கு குகைப் பக்கம் பனிச்சரிவு வருகிற இடம் என்பது உனக்கே தெரியும். 2020 ஜனவரியில் அந்த வட்டாரத்தில் மாட்டிக்கொண்ட கொரியாக்காரர்கள் நான்கு பேரும் ஆசிரியர்கள். அவர்களோடு நேபாளிகள் மூவரும் இறந்துபோனார்கள். அந்த இடத்தைக் காலையிலேயே கடந்துவிடுங்கள், நின்று படம் எடுக்க வேண்டாம்.

பதினைந்து வயது முடிந்த பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியர் தரும் அடையாளச் சான்றிதழே நேபாளத்துக்குப் போதும் என்று மாப்பிள்ளை சொன்னார். இருந்தாலும் எல்லோரையும் பாஸ்போர்ட் எடுக்கச் சொல். இன்சூரன்ஸில் ஹெலிகாப்டர் உண்டா, எத்தனை மீட்டர் உயரம் வரை உண்டு என்று எழுத்தில் வாங்கு. உயரத்தில் வரும் தலைவலி, வாந்திக்கான டயமாக்ஸ் மாத்திரையை மிட்டாய் மாதிரி எல்லோருக்கும் கொடுத்துவிடாதே. அது சல்பா வகை மருந்து, அந்த வகை ஒத்துக்கொள்ளாத பிள்ளை யார் என்று பெற்றோரிடமும் டாக்டரிடமும் கேட்டுக்கொள்.

இதையெல்லாம் விட எனக்கு ஒரு கேள்வி. உன் தாளில் முன்னால் யார் நடப்பது என்று இருக்கிறது. சமையல் யார், மருந்துப் பை யாரிடம் என்று இருக்கிறது. கடைசியில் யார் நடப்பது என்று இல்லை. வரிசையின் கடைசியில் யார், வாசுகி?

மூன்று பேர் போதாது. கணக்குப் போட்டுப் பார். ஒரு பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி என்றால் ஒருவர் அதைக் கீழே இறக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டு பேர் மிச்சம். இன்னொரு பிள்ளை விழுந்தால் 20 பேருக்கு ஒரே ஆள். நான்காவது ஆளைக் கேள். பள்ளிக்கூடத்தில் கொடுக்கமாட்டேன் என்றால், போவதில்லை என்று சொல்.

அப்புறம், பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். வழியில் எங்கே ஒதுங்குவது என்ற பயம். மலையில் தண்ணீர் குடிக்காவிட்டால் சுருண்டுபோவார்கள் என்று தெரிந்தாலும் குடிக்கமாட்டார்கள். மாதவிலக்கு வந்தாலும் சொல்லமாட்டார்கள். தலைவலியைக்கூட மறைப்பார்கள், மற்றவர்களின் பயணம் தன்னால் கெட்டுவிடும் என்று. டீச்சர் திட்டுவார் என்று. முடியவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் அது பத்து தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறது. அதற்கு மேல் நீ கேள்வி கேட்காதே. கடைசியில் நடக்கிற ஆள் பொறுமையான ஆளாக இருக்கட்டும்.

2018இல் குரங்கணியில் தீப்பிடித்த அன்று ராத்திரி நீ போன் செய்தாய், நினைவிருக்கிறதா? தேனிப் பக்கம் ஆம்புலன்ஸ் ஒன்று மாற்றி ஒன்று போய்க்கொண்டிருந்தது. நான் வாசல்படியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். நீ அழுதாய், அதில் உனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி இருந்தாள் என்று. நான் ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கல் மனது என்று அன்றைக்கு அப்பாவிடம் சொன்னாயாம்.

கல் மனதில்லை. எனக்கு அந்த மலை வேறு மலை.

நீலக் குடைக் கதையை நீ உன் பிள்ளைகளுக்குச் சொல்வதாக மாப்பிள்ளை சொன்னார். வழி தவறிப்போன மாணவியை, புதருக்குள் தெரிந்த நீலக் குடையை வைத்து நான் தேடிக் கண்டுபிடித்தேன் என்று. அந்தக் கதையைச் சின்ன வயதில் உனக்குச் சொன்னது நான்தான். இனி சொல்லாதே.

பேச்சியம்மாள் வழி தவறவில்லை. 1991. குரங்கணியிலிருந்து மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷனுக்கு 31 பிள்ளைகள், நானும் இன்னொரு டீச்சரும். இரண்டு பேரும் முன்னால் நடந்தோம், பேசிக்கொண்டே. வழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்கிற இடத்தைத் தாண்டி அரை மணி நேரம் போயிருப்போம். அவள் ஓடி வந்து என் முந்தானையைப் பிடித்து, "டீச்சர், முடியல டீச்சர்" என்றாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. நடிக்காதே என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, என் குடையைக் கையில் கொடுத்து, திரும்பி வரும்போது கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறினேன். தனியாக. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை.

நாங்கள் இறங்கி வந்தபோது மரத்தடியில் யாருமில்லை. தண்ணீர் தேடிக் கீழே ஓடைக்கு இறங்கியிருக்கிறாள், மயங்கிச் சரிந்திருக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு முதல் நாள். இருட்டுகிற நேரத்தில் விறகு எடுத்துக்கொண்டு வந்த இரண்டு பேர்தான் தூக்கி வந்தார்கள். நான் கண்டுபிடித்தது குடையை மட்டும்தான்.

பிழைத்துவிட்டாள். தலைமையாசிரியைக்கு நான் எழுதிக்கொடுத்த தாளில், "சொல்லாமல் கூட்டத்தை விட்டுப் பிரிந்து சென்றுவிட்டாள்" என்று எழுதினேன். என் எழுத்து நன்றாக இருக்கும், எல்லோரும் நம்பினார்கள். அவள் அப்பா அந்த வாரமே படிப்பை நிறுத்திவிட்டார். உன் அப்பாவுக்குக்கூட இது தெரியாது.

அவள் இங்கேதான் இருக்கிறாள். ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிற வேலை. உனக்கு மாதாமாதம் அனுப்புகிற ஏலக்காய் அங்கே வாங்குவதுதான். வேறு கடைக்குப் போக எனக்குத் துணிவில்லை. அந்தக் கடைக்குப் போகவும் துணிவில்லை, ஆனாலும் போகிறேன். போன மாதம், "பாப்பா என்ன செய்யுது டீச்சர்?" என்று கேட்டாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி மலைக்குப் போகிறாள் என்றேன். அவள் விரல் நிற்கவில்லை. வெடித்த காயை ஒரு பக்கம், பச்சைக் காயை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே, "எத்தனை டீச்சருங்க போவாங்க?" என்றாள். தெரியாது என்றேன். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே தெரியாது.

பார்சலில் கால் கிலோ ஏலக்காய், பருப்புப் பொடி இரண்டு டப்பா, அப்பாவின் கம்பளிக் குல்லா. சின்னதாக இருந்தால் யாராவது பிள்ளைக்குக் கொடு.

சிவப்பு மை போட்ட தாளில் கீழே ஒரு கட்டம் வரைந்திருக்கிறேன். அதில் கடைசியில் நடக்கிறவரின் பெயரை எழுதி, படம் எடுத்து அனுப்பு. போன் செய்யாவிட்டாலும் பரவாயில்லை. புதன்கிழமை செய்வதாக இருந்தால் ஆறு மணிக்கு மேல் செய், அன்றைக்குச் சாயங்காலம் வரை இங்கே கரண்ட் இருக்காதாம்.

அம்மா