மொட்டு உதிர்ந்த கதை

ஏற்காடு
மார்கழி, ஞாயிறு காலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்திக்கு மொட்டையடித்த படம் பார்த்தேன், காது அப்படியே உன் காதுதான். அண்ணனுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி? இருபது கொண்டை ஊசி வளைவு என்று சொல்லி அவரைப் பயமுறுத்தி வைக்காதே. காரில்தானே வரப்போகிறீர்கள்.

ஆர்க்கிட் குடிலுக்கு ஹீட்டர் வாங்கினாயா என்று கேட்டிருந்தாய். இன்னும் இல்லை. அதற்கு முன்னால் ஒரு முட்டாள்தனம் செய்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு விடியற்காலை வெளியே 11 டிகிரி. இந்த மலைக்காட்டு ஆர்க்கிடுகளுக்கு அதெல்லாம் பழக்கம். என் ஃபலனாப்சிஸ் அப்படியில்லை, வெப்ப நாட்டுச் செடி. இரவில் 16 டிகிரிக்குக் கீழே போனாலே அதற்கு ஆகாது. பதறிப்போய் பரணிலிருந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வை உள்ளே ஏற்றி வைத்தேன். மூன்று ராத்திரி. நாலாம் நாள் மொட்டெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்து கிடந்தன. குளிர்தான் காரணம் என்று நினைத்து ஸ்டவ்வை இன்னும் தூண்டப் போனேன், நல்லவேளை கொஞ்சம் படித்துப் பார்த்தேன். எண்ணெய் சரியாக எரியாவிட்டால் எத்திலீன் வருமாம். வாழைத்தாரைப் பழுக்க வைக்கிற அதே வாயு. ஆர்க்கிட் மொட்டுக்கு அது எமன். போதாக்குறைக்கு ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரும் ஆவியாகக் கிளம்புகிறது. கூரையிலிருந்து சொட்டியது அதுதான்! தோட்டக்காரர் கரி அடுப்பு வைக்கலாம் என்றார். மூடின குடிலில் கரிப்புகை ஆளையே கொன்றுவிடும் என்று சொல்லித் தடுத்தேன்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். குடில் 10 அடி நீளம், 8 அடி அகலம், 7 அடி உயரம். சுவரும் கூரையும் சேர்ந்து சுமார் 31 சதுர மீட்டர் பாலித்தீன் ஷீட். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 6 வாட் வெளியே போய்விடுகிறது. ஆறு டிகிரி கூட்டி வைக்க 1100 வாட் வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு ஒன்பது யூனிட்! மாமியார் இருந்திருந்தால் மெயினையே அணைத்திருப்பார்.

இதில் எனக்குப் புதிதாகத் தெரிந்த ஒரு விஷயம். சாதாரண பாலித்தீன் கண்ணாடி மாதிரி இல்லை, ராத்திரியில் தரையும் செடியும் விடுகிற சூட்டுக் கதிரை அப்படியே வானத்துக்கு விட்டுவிடும். மேகமில்லாத, காற்றடிக்காத ராத்திரியில் உள்ளே வெளியைவிடக் குளிராகக்கூட ஆகலாம். அன்றைக்கு உள்ளேயும் 11 டிகிரிதான் காட்டியது, தெர்மாமீட்டர் பழுது என்று நினைத்து அதைத் தட்டிக்கொண்டு நின்றேன்!

அதனால் முதலில் கதவு இடுக்கை அடைத்தேன். கூரைக்கு ஓர் அடி கீழே கம்பி கட்டி, பழைய பருத்திச் சேலைகளைத் திரையாகப் போட்டேன். பொழுது சாய்ந்தால் இழுப்பேன், விடிந்தால் விலக்குவேன். உன் கல்யாணத்துக்குக் கட்டின அந்த மாம்பழ மஞ்சள் சேலையும் அங்கேதான் தொங்குகிறது, கோபித்துக்கொள்ளாதே. நேற்று விடியலில் வெளியே 12, உள்ளே 15.

மிச்சத்துக்குத் தண்ணீர் டிரம் வைக்கலாமென்று இருக்கிறேன். கறுப்பு அடித்து வெயில் படுகிற பக்கம் வைத்தால் பகல் சூட்டைப் பிடித்துக்கொள்ளும். 200 லிட்டர் தண்ணீர் 5 டிகிரி ஆறும்போது ஒன்றேகால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான சூட்டைத் திருப்பித் தரும். கரண்ட் போனாலும் வேலை செய்யும், அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நாலு நாள் மூட்டம் போட்டால் டிரம்மும் சும்மாதான் நிற்கும். அந்த நாளுக்கு மட்டும் தெர்மோஸ்டாட் வைத்த சின்ன ஹீட்டர் ஒன்று, 16 டிகிரிக்குக் கீழே போனால் தானே ஓடுகிற மாதிரி. ஈரத்தில் கரண்ட் என்பதால் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடுகிற இ.எல்.சி.பி. போட்ட பிறகுதான் அது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் மூடி போட்ட 200 லிட்டர் டிரம் என்ன விலை என்று கேட்டு எழுது. இரண்டு வேண்டும். முன்னே மருந்து, ஆசிட் வைத்திருந்ததாக இருக்கக் கூடாது. பொங்கலுக்கு நீங்கள் வரும்போது காப்பிக்கொட்டை வறுத்து வைத்திருப்பேன்.

உன்
பழைய பெஞ்ச் தோழி