தோற்றவர் கேட்கும் மறுவாக்கு

ஒட்டுசுட்டான்,
பங்குனி மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் மாசிக் கடைசியில் வந்தது. காலபோக நெல்லை வெட்டிக் காயவிட்டு, கடன்காரருக்குக் கொடுத்தது போக எஞ்சியதை அறைக்குள் ஏற்றிய பிறகுதான் ஆறுதலாக இருந்து பதில் எழுத முடிகிறது. ஸ்கொட்லாந்துக்கு இன்னொரு சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று பிள்ளைகளும், தோற்றவர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக ஊரையே மறுபடியும் வாக்குச்சாவடிக்கு இழுப்பதா என்று நீயும் இராச்சாப்பாட்டு நேரத்தில் தர்க்கப்படுவதாக எழுதியிருக்கிறாய். நான் உன் பக்கம் நிற்பேன் என்று எண்ணித்தான் கேட்டிருப்பாய். பாதித் தூரம் வருகிறேன்.

2016ஆம் ஆண்டில் ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்று 51.9 சதவீதத்தினர் வாக்களித்ததும், நாற்பது இலட்சத்துக்கும் கூடுதலானோர் ஒரு மனுவில் ஒப்பமிட்டார்களே, அதில் நான் உன்னோடு நிற்கிறேன். வென்ற பக்கம் 60 சதவீதத்தை எட்டாமலும் வாக்களித்தோர் 75 சதவீதத்துக்குக் குறைவாகவும் இருந்தால் மீண்டும் நடத்த வேண்டும் என்பது அதன் கோரிக்கை. அந்த மனுவை வாக்கெடுப்புக்கு முன்பே தொடக்கியவர் விலக விரும்பிய ஒருவர். தன் பக்கம் தோற்றுவிடும் என்று பயந்து அவர் கட்டிய மடத்தில் மற்றப் பக்கத்தார் வந்து தங்கிவிட்டார்கள். நெல்லை அளந்து கொட்டிய பிறகு புசலின் அளவை மாற்றச் சொன்னால் எந்தக் கமக்காரன் ஒத்துக்கொள்வான்?

ஆனால் உன் பிள்ளைகள் சொல்வது வேறு. 2014இல் ஸ்கொட்லாந்தில் 84.6 சதவீதமானோர் வாக்களித்து, அவர்களில் 55.3 சதவீதத்தினர் ஐக்கிய இராச்சியத்தை விட்டுப் பிரிந்து போக வேண்டாம் என்றது உண்மை. ஐக்கிய இராச்சியத்தோடு இருந்தால்தான் ஐரோப்பாவோடும் இருக்கலாம் என்று அப்போது அவர்களுக்குச் சொல்லப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் ஸ்கொட்லாந்தின் 62 சதவீதத்தினர் ஒன்றியத்தில் இருக்கவே வாக்களித்தும் வெளியே போக நேர்ந்தது. விடை பிடிக்காமல் திரும்பக் கேட்பதும், கேள்வியே மாறிவிட்டதால் திரும்பக் கேட்பதும் ஒன்றல்ல. டென்மார்க் மக்கள் 1992இல் ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை மறுத்தபோது, அதன் நான்கு விடயங்களில் சேராதிருக்க விலக்குப் பெற்றுக்கொண்ட பிறகே 1993இல் மறுபடியும் கேட்டார்கள், 56.7 சதவீதத்தினர் சம்மதித்தார்கள். அயர்லாந்திலும் 2008இல் அதே ஒன்றியத்தின் விதிகளைத் திருத்தும் லிஸ்பன் உடன்படிக்கையை மறுத்தவர்களிடம் சில உறுதிமொழிகளோடு 2009இல் திரும்பப் போனார்கள். அங்கே எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: ‘இல்லை’ என்ற விடைதான் திரும்பக் கேட்கப்பட்டது, ‘ஆம்’ என்ற விடையை யாரும் மறுபடி கேட்கவில்லை. கேட்கும் அதிகாரம் ஒரு கையில் மட்டும் இருந்தால் அப்படித்தான் முடியும். ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் தானாக வாக்கெடுப்பு நடத்த முடியாது என்று 2022இல் லண்டன் உச்ச நீதிமன்றம் சொன்னபோதும் இதையே நினைத்தேன்.

போன வருடம் எங்கள் குளத்துச் சிறுபோகக் கூட்டத்தில் நானும் தோற்றவர்களில் ஒருவன். குளத்தில் தண்ணீர் குறைவு. எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கை உயர்த்தச் சொன்னார்கள். வயலில் பங்கில்லாதவர்களும் கை உயர்த்தினார்கள் என்று நான்தான் எழுந்து முறையிட்டேன். பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசித்து மறுபடி எண்ணியபோது, முன்னதைவிட இன்னும் மூன்று கைகளால் தோற்றேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வீட்டுக்கு வந்து நித்திரை கொண்டேன். தோற்றவனுக்குத் தேவைப்பட்டது அந்தப் பதிவேடுதான், அதுவும் அன்றைக்கே.

எங்களுக்கு அது கிடைக்கவில்லையே. 1982 டிசம்பர் 22ஆம் திகதி நாம் இருவரும் வரிசையில் நின்றது நினைவிருக்கிறதா? 1977இல் தெரிவான பாராளுமன்றத்தைத் தேர்தல் இல்லாமல் இன்னும் ஆறு ஆண்டுகளுக்கு நீடிக்கலாமா என்று கேட்டு, ஆமென்றால் விளக்கு, இல்லையென்றால் குடம் என்றார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் குடத்துக்கே போட்டார்கள். நாடு முழுவதும் விளக்கு 54.66 சதவீதத்தோடு வென்றது. அவசரகாலச் சட்டத்தின் கீழ் நடந்த அந்த வாக்கெடுப்பின் முறைகேடுகளைத் தேர்தல் ஆணையாளரே பின்னர் அறிக்கையாக எழுதினார். அது வெளிவந்தது 1987இல். அதற்குள் 83ஆம் ஆண்டு இனக்கலவரமும் வந்து போய்விட்டது. அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் நடந்தது. வடக்கும் கிழக்கும் இணைந்திருப்பதா என்று கிழக்கு மக்களிடம் 1988 முடிவதற்குள் கேட்பதாக இந்திய இலங்கை ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட வாக்கெடுப்போ தள்ளித் தள்ளிப் போடப்பட்டு நடக்கவே இல்லை. 2006இல் உயர் நீதிமன்றம் அந்த இணைப்பே செல்லாது என்றது.

சுவிட்சர்லாந்தில்கூடத் தவறு உடனே திருத்தப்படவில்லை. திருமணமானோர் வரி பற்றிய 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்பில், பாதிக்கப்படும் தம்பதிகள் 80,000 என்று அரசு சொன்னது தவறு, உண்மையில் 454,000 என்று தெரியவந்து, நீதிமன்றம் 2019இல்தான் அதை இரத்துச் செய்தது. மூன்று வருடம் பிந்தினாலும், தவறான கணக்கைக் காட்டி வாங்கிய விடை செல்லாது என்று சொல்ல அங்கே ஒரு இடம் இருந்தது.

ஆகவே, தோற்றவர்கள் என்பதற்காகவே பிள்ளைகளின் வாயை அடைக்காதே. அவர்களிடம் நீ கேட்க வேண்டியது, தாங்கள் வென்று மற்றவர்கள் கேட்டாலும் இதே விதிக்குச் சம்மதிப்பார்களா என்பதை. கனடாவிலிருந்து பிரிய விரும்பிய கியூபெக் மாகாணத்தார் 1980 வாக்கெடுப்புக்கும் 1995 வாக்கெடுப்புக்கும் நடுவில் பதினைந்து வருடம் பொறுத்தார்கள். இரண்டாவது தடவை 54,288 வாக்குகளால் தோற்றபோதும் மறுநாளே மூன்றாவதைக் கேட்டு நடத்திவிடவில்லை.

இந்த வருடச் சிறுபோகக் கூட்டம் வருகிற வியாழக்கிழமை. பதிவேட்டை முதலிலேயே வாசிக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய வகுப்புத் தோழன்