லேட் என்றால் எவ்வளவு லேட் என்று சொல்லித் தொலையுங்கள்

விடுமுறைக் கால விமானங்களை இயக்கும் நிறுவனங்களின் தலைமை அதிகாரிகளுக்கு,

வணக்கம். விமானம் ஆறு மணி நேரம் லேட் என்றால் ஆறு மணி நேரம் என்று ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். மூடுபனி, இடி மின்னல், எஞ்சின் கோளாறு எல்லாம் யாருக்கும் வரும், பழுதான விமானத்தில் ஏறுவதைவிடக் கீழே உட்கார்ந்திருப்பது மேல் என்று எங்களுக்கும் தெரியும். தாங்க முடியாதது உங்கள் "இன்னும் அரை மணி நேரம்"தான்.

திரையில் இரவு 10.10 என்று இருக்கும். 10.05க்கு அது 10.45 ஆகும், 10.40க்கு 11.20 ஆகும். காரணம் கேட்டால் "செயல்பாட்டுக் காரணங்கள்". அதற்குள் வரிசையில் நிற்கும் ஒரு கல்லூரிப் பையன், வர வேண்டிய விமானம் இரண்டு மணி நேரத் தூரத்தில் இன்னொரு ஊரில் இன்னும் தரையிலேயே நிற்கிறது என்று கைபேசியில் பார்த்துச் சொல்லிவிடுகிறான். அவனுக்குத் தெரிந்தது உங்கள் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியாதா? விமானியும் சிப்பந்திகளும் எத்தனை மணிக்கு மேல் பணியில் இருக்கக் கூடாது, அதைத் தாண்டினால் வேறு குழு வர வேண்டும், குழு கிடைக்காவிட்டால் மறுநாள்தான் என்பதெல்லாம்கூட உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்துகொண்டே அரை அரை மணியாக நறுக்கிக் கொடுப்பதால் நாங்கள் கேட்டை விட்டு நகர முடிவதில்லை. சாப்பிடப் போகலாமா, குழந்தையைப் படுக்க வைக்கலாமா என்று எதையும் முடிவு செய்ய முடிவதில்லை. கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கிய பிறகு உணவுக் கூப்பன் வருகிறது. அதை எடுத்துக்கொள்ளும் கடையும் பூட்டியிருக்கும்.

கவுன்டரில் நிற்கும் பெண்ணைத் திட்டுவதிலும் பயன் இல்லை. பல இடங்களில் அவர் உங்கள் ஊழியரே கிடையாது, ஒப்பந்த நிறுவனத்து ஆள். திரையில் எங்களுக்குத் தெரிவதற்கு மேல் அவருக்கும் தெரியாது, ஓர் அறை போட்டுக் கொடுக்கும் அதிகாரமும் இல்லை. கூட்டம் கத்தக் கத்தத் தலையைக் குனிந்து கீபோர்டில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறார். ஏச்சு வாங்குவதற்கென்றே ஒருவரை நிறுத்திவிட்டு, முடிவெடுக்கக் கூடியவர்கள் எல்லாரும் எங்கே போனீர்கள்?

விடுமுறைக்குப் போகிறவர்கள்தானே, என்ன அவசரம் என்ற நினைப்பு உங்களிடம் இருக்கிறது. உண்மையில் மாட்டிக்கொண்டால் தப்பிக்க வழியில்லாதவர்கள் நாங்கள்தான். சீசனில் அடுத்த விமானமும் நிரம்பியிருக்கும், சில ஊர்களுக்கு வாரத்தில் ஓரிரு விமானங்களே உண்டு. ஹோட்டல் அறையைக் காலி செய்தாகிவிட்டது, கையில் இருந்த பணமும் கரைந்துவிட்டது. அதே சீசனில்தான் நீங்களும் ஒரே விமானத்தை விடிகாலையிலிருந்து நள்ளிரவு வரை ஊர் ஊராக ஓட்டுகிறீர்கள், நடுவில் மூச்சுவிட நேரம் வைப்பதில்லை. காலையில் முக்கால் மணி தாமதமானால் ராத்திரிப் பயணிக்கு அது நாலு மணி நேரமாக வந்து சேர்கிறது. இதற்கும் வானிலை மேல் பழி போட்டால் எப்படி?

சட்டம் இல்லாமலும் இல்லை. சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின் 19ஆவது பிரிவுப்படி, தாமதத்தால் பயணிக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு நிறுவனமே பொறுப்பு. அந்த நஷ்டத்தைத் தவிர்க்கத் தேவையான நியாயமான நடவடிக்கைகள் எல்லாம் எடுத்தோம் என்று நிரூபித்தால்தான் தப்பிக்கலாம். வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு (ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள் என்று சக பயணிகளுக்கும் சொல்லிவைக்கிறேன்). ஐரோப்பிய ஒன்றியத்தில் விமானப் பயணிகளின் உரிமைக்கான 261/2004 விதி இன்னும் தெளிவு: தூரத்தைப் பொறுத்து இரண்டிலிருந்து நான்கு மணி நேரத் தாமதத்துக்கு மேல் சாப்பாடு, ராத்திரி தங்க வேண்டி வந்தால் அறை. 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் வான்வெளியே மூடப்பட்ட விவகாரத்தில்கூட, இந்தக் கவனிப்பிலிருந்து விலக்கு கிடையாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. எரிமலைக்கே விலக்கு இல்லாதபோது உங்கள் "செயல்பாட்டுக் காரணம்" எந்த மூலைக்கு?

சரி, என்ன செய்யலாம்? உண்மையான நேரத்தையும் காரணத்தையும் எல்லாருக்கும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள். மாறினால் மாறட்டும், ஏன் மாறியது என்று சொன்னால் போதும். கூப்பனைக் கடை திறந்திருக்கும்போதே கொடுங்கள், கேட்டவருக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். அறை போடவும் வேறு விமானத்துக்கு மாற்றவும் அதிகாரம் உள்ள ஒருவரைக் கேட்டுக்கு அனுப்புங்கள். அப்புறம், அடுத்த விடுமுறை சீசனுக்கான அட்டவணை இப்போது உங்கள் மேசையில் இருக்கும். அதில் ஒரு விமானத்தையும் ஒரு குழுவையும் கையிருப்பாக ஒதுக்கிவிட்டு டிக்கெட் விற்பனையைத் திறங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் டிக்கெட் வாங்கும் ஒரு பயணி