மதர்போர்டு பழுது என்று தவறாகக் கூறி வாரண்டி சேவையை மறுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர், வேளச்சேரி, சென்னை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னைக் கிளை.

ஐயா,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் டெஸ்க்டாப் கணினியை 2024-ஆம் ஆண்டு, 3 ஆண்டு ஆன்-சைட் வாரண்டியுடன் வாங்கி, மகளின் கல்லூரிப் படிப்புக்கும் என் மனைவி நடத்தும் டியூஷன் வகுப்புகளுக்கும் பயன்படுத்தி வருகிறோம். சென்ற மாதம் ஒரு நாள் காலையில் பவர் பட்டனை அழுத்தியபோது உள்ளிருக்கும் ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. மானிட்டரில் எதுவும் வரவில்லை. பாகங்கள் எல்லாம் பொருத்தப்படும் மதர்போர்டில் உள்ள சிறு பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. தங்கள் உதவி எண்ணில் சொன்னபடி பவர் கார்டை மாற்றியும், ரேமைக் கழற்றி மீண்டும் செருகியும் பயனில்லை.

வீட்டுக்கு வந்த சர்வீஸ் இன்ஜினியர், கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கனெக்டரை போர்டிலிருந்து உருவி, அதன் பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தார். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றியதும், "இது நல்லா இருக்கு சார், போர்டுதான் போயிடுச்சு" என்று முடிவு சொல்லிவிட்டார். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் வந்த பழுது என்பதால் வாரண்டி செல்லாது என்றும், புதிய போர்டுக்கு ரூ.14,800 ஆகும் என்றும், ஹார்ட் டிஸ்கில் உள்ளவற்றுக்குப் பொறுப்பில்லை என்றும் கூறி, பரிசோதனைக் கட்டணத்தையும் வாங்கிச் சென்றார்.

இந்த முடிவை நான் ஏற்கவில்லை. பேப்பர் கிளிப் சோதனை எஸ்எம்பிஎஸ் ஆன் ஆகிறது என்பதை மட்டுமே காட்டும். பிராசஸரும் டிஸ்கும் மின்சாரம் இழுக்கும்போது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து அவற்றுக்கு வரும் 12 வோல்ட் லைன் தாக்குப்பிடிக்கிறதா என்பதை அது சொல்லாது. அந்த லைன் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது இத்துறையில் உள்ளவர்கள் அறிந்ததே. போர்டில் எரிந்த பச்சை விளக்கும், கணினி அணைந்திருக்கும்போதே வரும் 5 வோல்ட் ஸ்டேண்ட்பை மின்சாரத்தில் எரிவது என்பதால், மற்ற லைன்கள் சரியாக இருப்பதற்கு அது சான்றாகாது. இவற்றை அளக்க ஒரு மல்டிமீட்டர் போதும். இன்ஜினியர் அதைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

பிறகு சிபியுவை ரிச்சி தெருவில் தெரிந்த டெக்னீஷியன் ஒருவரிடம் கொண்டுசென்றேன். அவர் தம் கடையிலிருந்த நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை அதே போர்டில் மாட்டியதும் விண்டோஸ் ஒழுங்காக வந்தது. மகளின் புராஜெக்ட் உட்பட எல்லா ஃபைல்களும் இருந்தன. எங்கள் எஸ்எம்பிஎஸ்ஸை மறுபடி மாட்டிப் பட்டனை அழுத்தியபோது 12 வோல்ட் லைன் 11.4-க்கும் கீழே இறங்கி, கணினி உடனே நின்றது. இதை மீட்டரின் திரை தெரியும்படி வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். எஸ்எம்பிஎஸ் மீதுள்ள வாரண்டி ஸ்டிக்கரும் கிழியாமல் இருக்கிறது.

கணினி யுபிஎஸ் வழியாகவே இயங்குகிறது என்பதை இன்ஜினியரிடம் அப்போதே சொன்னேன். அப்படியிருந்தும் எந்த அளவீடும் இல்லாமல் வோல்டேஜ் மீது பழியைப் போட்டு வாரண்டியை மறுத்தது நியாயமற்றது. இத்துறை பற்றித் தெரியாத ஒரு குடும்பம் அந்தத் தொகையைக் கட்டியிருக்கும், நல்ல போர்டு ஒன்று குப்பைக்குப் போயிருக்கும் என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

ஆகவே, எஸ்எம்பிஎஸ்ஸை வாரண்டியின்கீழ் கட்டணமின்றி மாற்றித் தரவும், பரிசோதனைக் கட்டணத்தைத் திருப்பித் தரவும், "போர்டு பழுது" என்று எழுதிய சர்வீஸ் ரிப்போர்ட்டைத் திருத்தித் தரவும் கேட்டுக்கொள்கிறேன். ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்ய வேண்டிய தேவை எதுவும் இல்லை. அதை யாரும் தொடக் கூடாது. பில், சர்வீஸ் ரிப்போர்ட் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வதுடன், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்கீழ் சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்