உறுப்பு மாற்று அறுவைக்குப் பின்னும் குடும்பத்துக்குத் துணை தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் உறுப்பு தானம் குறித்துத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுதி வருவதை நன்றியுடன் படித்து வருகிறேன். 2008-ஆம் ஆண்டு திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை வழங்க முன்வந்த பிறகு, தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வீட்டுத் திண்ணை வரை பேசப்படும் செய்தியாயிற்று. கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023-இல் வந்த அறிவிப்பும் மனத்துக்கு நிறைவளித்தது. ஆயினும், உறுப்பு பொருத்தப்பட்டு, நோயாளி மாலையுடன் வீடு திரும்பும் படம் வெளியானதோடு நம் அனைவருடைய கவனமும் அங்கிருந்து விலகிவிடுகிறது. அதன் பிறகு சிக்கல் ஏற்பட்டு, மீண்டும் மருத்துவமனை வாசலுக்கு வந்து நிற்கும் குடும்பங்களைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் தங்கை தன் கணவருக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தாள். அறுவை நன்றாக முடிந்து, இருவரும் வீடு திரும்பி, பிள்ளைகள் பழையபடி பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய வேளையில், வழக்கமான ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினின் அளவு ஏறியிருந்தது. காய்ச்சலோ வலியோ எதுவும் இல்லை. ஊசி செலுத்திச் சிறுநீரகத்திலிருந்து துணுக்கு எடுத்துச் செய்யும் பயாப்சிக்குப் பிறகே, உடல் அந்தச் சிறுநீரகத்தை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கத் தொடங்கியிருப்பது உறுதியானது. அதை அடக்க ஸ்டீராய்டு மருந்தை ரத்தநாளம் வழியாக அதிக அளவில் செலுத்தினார்கள். எதிர்ப்புச் சக்தி அதனால் மேலும் குறைந்த நிலையில் நுரையீரலில் தொற்று வந்து சேர்ந்தது. தொற்றைத் தணிக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைக் குறைத்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. சிறுநீரகத்தைக் காக்க அவற்றைக் கூட்டினால் தொற்றுக்கு வழி விட்டதாகும். மருத்துவர்கள் இந்த இரண்டுக்கும் இடையில் ஒவ்வொரு நாளும் அளவு பார்த்து முடிவெடுக்க, மறுநாள் என்ன சொல்வார்களோ என்று குடும்பம் காத்திருந்தது. சிறுநீரகம் காப்பாற்றப்பட்டுவிட்டது, கிரியாட்டினின் முன்பிருந்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவே நின்றுவிட்டது.

அந்த நாட்களில் என் தங்கையை நெஞ்சுடையச் செய்தவை பரிசோதனை முடிவுகளைக் காட்டிலும், பார்க்க வந்தவர்கள் சொன்ன சொற்கள்தாம். "உன் கிட்னியும் வீணாப் போச்சே" என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. "மாத்திரையை ஒழுங்காப் போட்டிருக்க மாட்டார்" என்று தீர்ப்பு எழுதியவர்களும் உண்டு. மாத்திரை தவறினால் உறுப்பு நிராகரிக்கப்படலாம் என்பது உண்மையே. ஆனால் வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் நிராகரிப்பு வரும். 1954-இல் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே குழுவினர் செய்த சிறுநீரக மாற்று வெற்றி பெற்றதற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் உருவான ஒத்த இரட்டையர்களாக இருந்ததே. மற்றவர்கள் எல்லாரும், தாயின் உறுப்பைப் பெற்ற மகன் உட்பட, உடலின் இயல்பான எதிர்ப்பை மருந்தால் அடக்கியபடியேதான் வாழ்கிறார்கள். தொடக்க மாதங்களில் வரும் நிராகரிப்பை உரிய காலத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்துவிட முடிகிறது. எனவே சிகிச்சை நடக்கும்போதே "வீண்" என்ற சொல்லைச் சொல்வது மருத்துவ அறிவுக்கும் பொருந்தாது, மனிதப் பண்புக்கும் பொருந்தாது.

உதவ நினைக்கும் உறவினர்கள் முதலில் அந்த வீட்டின் அன்றாடத்தை அறிந்துகொள்ள வேண்டும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டேக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் நாளில், காலை மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே ரத்தம் கொடுக்க வேண்டும். ஆய்வக வரிசையில் மாத்திரையைக் கையிலும் தண்ணீர்ப் பாட்டிலை மடியிலும் வைத்துக்கொண்டு, தங்கள் எண் எப்போது அழைக்கப்படும் என்று பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை அங்கு எந்தக் காலையிலும் காணலாம். குடித்த தண்ணீரின் அளவும் வெளியேறிய சிறுநீரின் அளவும் பிள்ளையின் பழைய பள்ளி நோட்டில் மணிவாரியாக எழுதப்படுகின்றன. டேக்ரோலிமஸால் நோயாளிக்குக் கை நடுங்கும். காப்பி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தாலும் சிந்தும். ஸ்டீராய்டால் தூக்கம் கெட்டு, சர்க்கரை ஏறி, அதுவரை கடிந்து பேசாதவரும் மனைவி மீது எரிந்து விழுவார். இது மருந்தின் விளைவு, மருத்துவரிடம் சொன்னால் வழி உண்டு என்று அந்த மனைவிக்கு யாரேனும் முன்கூட்டியே சொல்லியிருந்தால், அவள் இரவுகளில் தனியே அழுதிருக்க வேண்டியதில்லை.

இத்தகைய வீட்டுக்கு இரவில் மாற்றி இருக்க ஓர் ஆள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஓர் ஆள், ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளுக்கெல்லாம் பதில் சொல்ல ஓர் ஆள் என்று உறவினர்கள் தமக்குள் பிரித்துக்கொண்டால் அதுவே பேருதவி. பணம் கொடுக்க நினைப்பவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் கையில் கொடுக்க வேண்டும். மருந்துக் கவுண்டரில் தொகை சொல்லும்போது யாரிடம் கேட்பது என்று யோசிக்கக்கூட அவர்களுக்கு நேரம் இராது. சளி, இருமல் உள்ளவர்கள் எவ்வளவு நெருங்கியவர்களானாலும் நேரில் வராமல் இருப்பதே அன்பு. கஷாயம், லேகியம் எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. பம்பளிமாஸ் போன்ற பழங்கள்கூட ரத்தத்தில் டேக்ரோலிமஸ் மருந்தின் அளவை ஏற்றிவிடக்கூடியவை.

கொடுத்தவரின் நிலையைத் தனியே குறிப்பிட வேண்டும். நம் நாட்டில் உயிருடன் இருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பான்மையினர் ஆண்கள். வயிற்றில் தழும்பு ஆறியும் ஆறாமலும், வார்டுக்கும் ஆய்வகத்துக்கும் மருந்தகத்துக்கும் மாடி ஏறி இறங்கி நடப்பவள் பெரும்பாலும் உறுப்பைக் கொடுத்த அதே பெண். அவளுக்கு ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கணவரின் பரிசோதனைத் தேதிகள் நாட்காட்டியில் வட்டமிடப்பட்டிருக்கும் வீட்டில், அவளுடைய தேதி மட்டும் யார் நினைவிலும் இருப்பதில்லை. கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்த குடும்பங்களின் கவலை இன்னும் கடுமையானது. சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸ் என்ற இடைவழியாவது உண்டு. கல்லீரலுக்கு அப்படி நீண்ட காலம் தாங்கிப் பிடிக்கும் இயந்திரம் இல்லை. பித்தநாளத்தில் கசிவோ அடைப்போ ஏற்பட்டால் திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர வேண்டியிருக்கும்.

உறவினர்கள் செய்யக்கூடியதற்கு எல்லை உண்டு. மருத்துவமனைகள் செய்ய வேண்டியவை பல. மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் இல்லாத மருத்துவமனை பதிவு பெற முடியாது. அறுவைக்கு முன் ஒப்புதல் படிவம் முதல் ஆவணங்கள் வரை ஒவ்வொன்றுக்கும் எங்கள் பக்கத்தில் இருந்த ஒருங்கிணைப்பாளர், சிக்கல் வந்து மறுபடி சேர்ந்தபோது எங்கள் கண்ணில் படவில்லை. அது தன் பொறுப்பன்று என்றே அந்த மருத்துவமனை கருதியது. மறுசேர்க்கையின்போதும் குடும்பத்துடன் பேசுவது அவருடைய கடமை என்று விதிகளில் எழுதப்பட வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளி இருக்கும் நாட்களில், பொறுப்பு மருத்துவர் குடும்பத்தினரை நாள்தோறும் குறித்த நேரத்தில் சந்தித்து, நேற்றைக்கு இன்று என்ன மாற்றம், அடுத்து எதற்குக் காத்திருக்கிறோம் என்பதைத் தமிழில் சொல்ல வேண்டும். நம்பிக்கை குறைவாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாசலில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள் செவிலியரின் முகக்குறிப்பைப் பார்த்து நிலைமையை ஊகிக்கும்படி விடுவது கொடுமை.

அரசிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உறுப்பு மாற்று அறுவையை ஏழைக் குடும்பங்களுக்கு எட்டச் செய்திருக்கிறது. நிராகரிப்புக்கும் தொற்றுக்கும் ஆகும் மறுசேர்க்கைச் செலவும், கொடையாளரின் ஆண்டுப் பரிசோதனையும் அந்த உதவியின் தொடர்ச்சியாகவே கருதப்பட வேண்டும். வெளியூரிலிருந்து வருவோர் தங்க, உறுப்பு மாற்று நடைபெறும் அரசு மருத்துவமனைகளுக்கு அருகில் தூய்மையான தங்குமிடமும் வேண்டும்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், உறுப்பு மாற்றுக்குப் பின் வரும் சிக்கல்கள் பற்றி மருத்துவர்களும் ஒருங்கிணைப்பாளர்களும் வாசகர்களின் கேள்விகளுக்கு விடையளிக்கும் ஒரு தொடரைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் ஓர் இதழையேனும் உறுப்பைக் கொடுத்தவர்களின் உடல்நலத்துக்கென்று ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
கும்பகோணம்.